தாய்-சேய் ஆய்வுகள்: தெரிந்த மருந்தையே ஏழை நாடுகளில் ஏன் மறுபடி சோதிக்கிறார்கள்?

தேன்சிட்டு

வணக்கம். பொதுச் சுகாதாரப் படிப்பில் முதல் வருடம். அடுத்த வாரம் வகுப்பில் "வசதி குறைந்த இடங்களில் தாய்-சேய் மருத்துவ ஆய்வுகள்" பற்றிப் பேச வேண்டும். நாலு நாளாகப் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஒரே ஒரு கேள்விதான் தொண்டையில் நிற்கிறது.

குறைமாதத்தில் பிரசவமாகப் போகிற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹவியும் 1972-லேயே காட்டிவிட்டார்கள். அப்படியிருக்க, 2020-இல் வெளியான ஆக்‌ஷன்-1 என்ற ஆய்வில் இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2,852 பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அந்த ஊசி, மீதிப் பேருக்குப் போலி ஊசி, அதாவது மருந்தே இல்லாத ஊசி. ஏறக்குறைய ஐம்பது வருடமாகத் தெரிந்த மருந்தை ஏழைத் தாய்க்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? நடத்தியது உலக சுகாதார நிறுவனம் என்பதால் இன்னும் குழப்பம். நான் எதையாவது தவறவிட்டேனா?

அரைக்கிறுக்கன்

எதையும் தவறவிடவில்லை. இது பழைய கதை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவுவதை ஏஇசட்டி மருந்து 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைக்கிறது என்று 1994-இல் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் தாய்லாந்திலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் கர்ப்பிணிகளுக்குப் போலி மாத்திரை கொடுத்து ஆய்வு செய்தார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்ய எவனுக்கும் துணிச்சல் வந்திருக்காது. 1997-இல் அமெரிக்க மருத்துவர்கள் லூரியும் வுல்ஃபும் இதைக் கிழித்து எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது.

"அங்கே எப்படியும் மருந்து கிடைக்காது, அதனால் கொடுக்காமல் விட்டாலும் இழப்பில்லை" என்பதுதான் அப்போது சொன்ன நியாயம். பசியோடிருப்பவன் எப்படியும் பட்டினிதானே, இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்பது மாதிரி.

கணக்குப்பிள்ளை

ஏஇசட்டி விஷயத்தில் உங்கள் கோபம் பாதி சரி. அந்த 1994 முறை கர்ப்பகாலத்தில் பல வாரம் மாத்திரை, பிரசவத்தின்போது நரம்பு வழியாக மருந்து, அப்புறம் குழந்தைக்கு ஆறு வாரம் என்று நீளும். குறுகிய கால மாத்திரை ஏதாவது பயன் தருமா என்பதுதான் பாங்காக்கில் கேட்கப்பட்ட கேள்வி. பரவல் பாதியாகக் குறைந்தது என்று 1998-இல் விடை வந்தது. கேள்வி நியாயமானது. அதற்குப் போலி மாத்திரைதான் ஒரே வழியா என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. நானே இரண்டு பக்கமும் வாதாடித் தோற்றிருக்கிறேன்.

ஆனால் ஸ்டீராய்டு கதை அப்படியே இதுதான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தேன்சிட்டு 1972-க்கும் 2020-க்கும் நடுவில் 2015 என்ற படியைத் தாண்டிக் குதித்துவிட்டார். பச்சிளம் டாக்டர் இருந்தால் அவர் சொல்வதுதான் சரி.

பச்சிளம்

இருக்கிறேன், டியூட்டி இப்போதுதான் முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2015-இல் 'ஆக்ட்' என்ற ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா என்று ஆறு நாடுகள், ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசவங்கள். யோசனை எளிமையானது. ஸ்டீராய்டு மலிவு, பெரிய மருத்துவமனைகளில் பயன் தெரிந்தது, ஆகவே கிராம அளவில் இருக்கும் சுகாதாரப் பணியாளர்கள் வரை ஊசியைக் கொண்டுபோனால் குறைமாதக் குழந்தைகள் பிழைக்கும். இதை மறுக்க அன்று யாருக்கும் காரணம் இல்லை. எனக்கும்தான்.

ஊசி போய்ச் சேரவும் செய்தது. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களில், திட்டம் நடந்த பகுதிகளில் 45 சதவீதம் பேருக்கு ஸ்டீராய்டு கிடைத்தது, மற்றப் பகுதிகளில் 10 சதவீதம் பேருக்குத்தான். எந்தச் சுகாதாரத் திட்டத்துக்கும் இது கொண்டாட வேண்டிய எண். ஆனால் அந்தக் குட்டிக் குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. அதைவிட மோசம், எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் முதல் 28 நாள் இறப்பு, உயிரோடு பிறந்த ஆயிரத்துக்கு மற்றப் பகுதிகளில் 23.9, திட்டம் நடந்த பகுதியில் 27.4. தாய்மார்களுக்குத் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகமும் அங்கேதான் அதிகம்.

அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஊசி அது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியையும் வயிற்று அளவையும் வைத்துத்தான் மாதக் கணக்கு. ஆகவே ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் அவ்வளவு சின்னக் குழந்தையைப் பெறவில்லை. தேவையில்லாதவர்களுக்கு மருந்து போனது. ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும், தொற்று அதிகமுள்ள இடத்தில் அது சும்மா இருக்காது. அப்புறம், நுரையீரல் கொஞ்சம் முதிர்ந்து பிறந்த குழந்தைக்கும் ஆக்சிஜன் வேண்டும், சூடு வேண்டும், பால் புகட்ட ஆள் வேண்டும். அது எதுவும் இல்லாத இடத்தில் ஊசி மட்டும் தனியாக என்ன செய்யும்?

இப்போது 2020-க்கு வாருங்கள். ஒரு பக்கம் பணக்கார நாடுகளின் பழைய ஆதாரம், மறுபக்கம் இந்த 2015 அதிர்ச்சி. ஏழை நாட்டு மருத்துவமனையில் இந்த ஊசி காப்பாற்றுமா, கெடுக்குமா என்பது உண்மையிலேயே யாருக்கும் தெரியாத நிலை. ஆக்‌ஷன்-1 அந்த நிலையில்தான் தொடங்கியது. இம்முறை 29 மருத்துவமனைகள், ஸ்கேன் பார்த்து 26 முதல் 34 வாரம் வரை என்று உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்கள் மட்டும். பச்சிளங்குழந்தை இறப்பு ஊசி போட்டவர்களிடம் 19.6 சதவீதம், போலி ஊசியில் 23.5. பயன் தெளிவானதும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆய்விலும் மருந்து ஒன்றுதான், டெக்சாமெத்தசோன்.

தேன்சிட்டு

ஐயோ. நான் 2015 கட்டுரையைத் தலைப்போடு மூடிவைத்திருந்தேன், "பலன் இல்லை" ரகம் என்று நினைத்து. நன்றி டாக்டர்.

லேபர்வார்டு அக்கா

இருபத்தி இரண்டு வருடம் பிரசவ அறையில் நின்றவள் என்கிற தகுதியில் ஒரு வார்த்தை.

மாதக் கணக்கு என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்குள் என் பாதி வேலை இருக்கிறது. "கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாய்" என்று கேட்டால் வருகிற பதில்: "அந்தப் பெரிய மழை பெய்ததே, அதற்கு முந்தி." முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தங்கியிருந்தால் தேதியே கிடையாது. டேப்பை வைத்து அளந்தால் எனக்கு 32 வாரம், எனக்கு அடுத்த ஷிப்டில் வருகிறவளுக்கு 35. குழந்தை ஒல்லியா, மாதம் குறைவா என்று வெளியே வந்த பிறகும் சண்டை போடுவோம். இதை வைத்து ஊசியை முடிவு செய்யச் சொன்னால் நான் யாரைத் தப்பாகப் பிடிப்பேன், யாரை விட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியாது.

அரைக்கிறுக்கன்

சரி, ஸ்டீராய்டு விஷயத்தில் வாபஸ். 2015 எனக்கும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இ-மோட்டிவ் இருக்கிறதே, அதைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு பற்றிய ஆய்வு, 2023. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா. ஒரு தரப்பு மருத்துவமனைகளில் பெண்ணுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. கோட்டைத் தொட்டால் உடனே சிகிச்சை. மறுதரப்பிலும் விரிப்பு உண்டு, ஆனால் கோடு கிடையாது! ரத்தம் அதில் சேரும், பிறகு ஆய்வுக்காக எடை பார்ப்பார்கள். அதாவது அளக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் நிற்கிற நர்சுக்கு அளவைக் காட்டவில்லை. இதற்கு என்ன நியாயம்?

லேபர்வார்டு அக்கா

தம்பி, கோடு இல்லாத விரிப்புகூட இல்லாமல்தான் நாங்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்தோம். துணி நனைந்திருக்கிறதா, தரையில் எவ்வளவு, அவள் முகம் வெளுக்கிறதா. கண்ணால் பார்த்துக் குறிப்பில் "300 மில்லி" என்று எழுதுவோம். எல்லாருக்கும் 300. அது அளவா? பழக்கம்.

ஒரு முறை நான் 300 என்று எழுதிய பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் நாடி கிடைக்கவில்லை. அவளுக்கு அடியில் இருந்த துணிக்கட்டைத் தூக்கினேன், கை தாங்கவில்லை, அவ்வளவு கனம். பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து 300 என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

ஆகவே உங்கள் கேள்வி எனக்குக் கோபத்தைக் கிளப்பினாலும் கேள்வி தப்பில்லை. பதில் கணக்குப்பிள்ளை சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை

முயற்சி செய்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அளக்காவிட்டால் ஒப்பிடவே முடியாது. கோடு போட்ட பக்கத்தில் சரியாக அளந்து, மறுபக்கத்தில் கண்ணால் மதிப்பிட்டால், சரியாக அளக்கிற பக்கத்தில்தான் அதிக ரத்தப்போக்கு இருப்பதாகத் தெரியும். காரணம், அங்கே எதுவும் தப்பாது. நல்ல சிகிச்சை கெட்ட சிகிச்சைபோல் தோன்றும். அதனால்தான் எல்லா இடத்திலும் எடை.

கோடு ஏன் இல்லை என்றால், சோதிக்கப்படுவதே அந்தக் கோடும் அதைத் தொட்டதும் ஒருசேரச் செய்கிற வேலைகளும்தான். கருப்பையைப் பிசைவது, கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் வகை மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழி திரவம், பிறப்புறுப்பைச் சோதிப்பது, தேவையானால் மேலே அனுப்புவது. ஒன்றைச் செய்துவிட்டுக் காத்திருக்காமல் எல்லாம் ஒரே மூச்சில். மறுதரப்பில் இந்த மருந்துகள் எதுவும் மறுக்கப்படவில்லை, வழக்கமான கவனிப்பு அப்படியே நடந்தது.

யார் எந்தப் பக்கம் என்று இங்கே பெண்களுக்குத் தனித்தனியாகச் சீட்டுப் போடவில்லை, மருத்துவமனைகளுக்குப் போட்டார்கள். 80 மருத்துவமனைகள். ஒரே வார்டில் இந்தக் கட்டிலுக்குக் கோடு, பக்கத்துக் கட்டிலுக்கு இல்லை என்று எந்த நர்சும் வேலை செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. கற்றுக்கொண்டதை மறந்துவிட முடியாது. அதனால் கொத்தாகச் சீட்டு. ஒரு மருத்துவமனைப் பெண்கள் பல விதத்தில் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் ஆட்கள் நிறைய வேண்டும். மொத்தம் 2,10,000-க்கும் மேற்பட்ட பெண்கள்.

முடிவு: ரத்தப்போக்கு கண்டுபிடிக்கப்பட்டது 93 சதவீதம், மறுபக்கம் 51. சிகிச்சைத் தொகுப்பு முழுமையாகக் கிடைத்தது 91 சதவீதம், மறுபக்கம் 19. ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் போவது, ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறப்பது, ரத்தப்போக்கால் இறப்பது, இம்மூன்றும் சேர்ந்த கணக்கு கோடு போட்ட பக்கம் 1.6 சதவீதம், மறுபக்கம் 4.3. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி முதல் வகைதான். இறப்பை மட்டும் தனியே எடுத்தால் எண்ணிக்கை சிறியது, அதை வைத்து அடித்துப் பேச முடியாது. பத்திரிகைகள் இதை விட்டுவிட்டன.

அரைக்கிறுக்கன்

51 சதவீதம்... அதாவது வழக்கமான கவனிப்பில் பாதி ரத்தப்போக்கு யார் கண்ணிலும் படவே இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய மருந்து தேவையில்லை போலிருக்கிறது, ஒரு கோடு போதும்.

பச்சிளம்

கோடு மட்டும் போதாது, மருந்தும் கையில் இருக்க வேண்டும். டிரானெக்சாமிக் அமிலத்தின் கதையையும் தேன்சிட்டு படிக்க வேண்டும். 2017-இல் வந்த 'வுமன்' ஆய்வு, 21 நாடுகள், 20,060 பெண்கள். ரத்தப்போக்கால் இறப்பது 1.9-இலிருந்து 1.5 சதவீதமாகக் குறைந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் 1.7-இலிருந்து 1.2. தாமதித்தால் பயன் இல்லை.

உடனே எல்லாரும் கேட்டோம்: அப்படியானால் ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு ரத்தப்போக்கு வருவதற்கு முன்பே கொடுத்தால் என்ன? கேட்கவே அழகாக இருக்கிறதல்லவா. பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, சாம்பியாவில் 15,068 பெண்கள். 2023-இல் விடை: ரத்தப்போக்கு வந்தது மருந்து கொடுத்தவர்களில் 7.0 சதவீதம், போலி மருந்தில் 6.6. தடுக்கவில்லை.

குட்டித்தாமரை

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டரோ நர்சோ இல்லை. என் இரண்டாவது பிரசவத்தின்போது ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டவள். எந்த ஆய்வு என்று சரியாகத் தெரியாது. அதுதான் நான் எழுதக் காரணம்.

வலி வந்து படுத்திருக்கிறேன். ஒரு பெண் அட்டையோடு வந்து நாலு பக்கம் படித்தார். நல்ல மாதிரிதான், அவசரப்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வலிக்கும் அவர் நிறுத்தி, வலி போனதும் விட்ட இடத்திலிருந்து படிப்பார். எனக்கு இரண்டு வரிக்கு மேல் தலையில் நிற்கவில்லை. "விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம், கவனிப்பு குறையாது" என்றது மட்டும் நினைவிருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். முடியாது என்று சொன்னால் முகம் சுளிப்பார்களோ என்ற பயமும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

நீங்கள் எல்லாரும் 20,000, 2 லட்சம் என்கிறீர்கள். அந்த எண்ணிக்கையில் நானும் ஒன்றாக இருக்கலாம் என்பது வினோதமாக இருக்கிறது. பிறகு யாரும் வந்து "இதுதான் முடிவு" என்று சொல்லவில்லை. மாத்திரையா, வெறும் மாவா என்றும் தெரியாது.

லேபர்வார்டு அக்கா

தாமரை, அந்த அட்டையோடு வருகிற பெண்ணாகவும் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். நீங்கள் சொல்வது ஒரு எழுத்து பொய்யில்லை. சில ஆய்வுகளில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே விவரத்தைச் சொல்லிவைப்போம், வலியில் வரும்போது சுருக்கமாக நினைவூட்டிக் கேட்போம். அது எவ்வளவோ மேல். ஆனால் பரிசோதனைக்கே வராமல் நேரே வலியோடு வருகிறவளுக்கு அதுவும் இல்லை. அவளுக்குத்தான் ஆபத்தும் அதிகம். அவளை விட்டுவிட்டால் ஆய்வின் முடிவு அவளுக்குப் பொருந்தாது.

கணக்குப்பிள்ளை

ரத்தப்போக்கு மாதிரி நிமிடக் கணக்கு விஷயத்தில் இன்னும் சிக்கல். 'வுமன்' ஆய்வில் சுயநினைவோடு பேசும் நிலையில் இருந்தால் அவளிடம், இல்லாவிட்டால் உறவினரிடம், அதுவும் முடியாவிட்டால் முதலில் சிகிச்சை, பிறகு ஒப்புதல் என்று வைத்திருந்தார்கள். நெறிமுறைக் குழு அனுமதித்த ஏற்பாடுதான். எனக்கு இதில் முழு நிம்மதி கிடையாது, வேறு வழியும் தெரியவில்லை.

முடிவைச் சொல்லாமல் போனது பிழை. அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை.

தேன்சிட்டு

வகுப்பில் ஸ்டீராய்டு இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதாக முடிவு. வேறு ஏதாவது சேர்க்கலாமா? எல்லாமே மருந்தாக இருக்கிறதே.

பச்சிளம்

உத்தரப் பிரதேசத்தில் நடந்த 'பெட்டர் பர்த்' சேருங்கள். மருந்தே கிடையாது. பாதுகாப்பான பிரசவத்துக்கான ஒரு சரிபார்ப்புப் பட்டியல், அதைப் பின்பற்றப் பயிற்சியாளர்கள். 120 மருத்துவ நிலையங்கள், 1,57,000-க்கும் மேற்பட்ட பிரசவங்கள், 2017. கை கழுவுவதிலிருந்து தாயோடு குழந்தையைச் சேர்த்து வைப்பதுவரை பணியாளர்கள் உண்மையிலேயே மாறினார்கள். தாய்-சேய் இறப்பும் கடுமையான பாதிப்பும் சேர்ந்த கணக்கு? 15.1 சதவீதம், மறுபக்கம் 15.3. அசையவில்லை. நான் மதிக்கிற ஆய்வு அது. ஒழுங்காக நடத்தி, கசப்பான விடையை அப்படியே வெளியிட்டார்கள்.

அப்புறம் கங்காரு கவனிப்பு. கொலம்பியாவின் போகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியது. குழந்தையை அம்மாவின் மார்போடு தோல் படக் கட்டிவைப்பது. நாங்கள் வெகுகாலம் குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் அம்மாவிடம் கொடுப்போம். அதுவரை பெட்டிக்குள். பிறந்த உடனேயே கொடுத்தால் என்ன என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் ஐந்து மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடை. 28 நாள் இறப்பு, உடனே அம்மாவிடம் கொடுத்தவர்களில் 12.0 சதவீதம், மறுபக்கம் 15.7. 2021-இல் வெளியானது. இதையும் பாதியில் நிறுத்தினார்கள்.

இதற்கு அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. எங்கள் கட்டடங்கள் எதுவும் அப்படிக் கட்டப்படவில்லை. அம்மா ஒரு மாடி, குழந்தை ஒரு மாடி.

அரைக்கிறுக்கன்

இதை முதலில் சொல்லியிருந்தால் நான் சண்டையே போட்டிருக்க மாட்டேன். பணக்கார நாடுகளும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தாமரை அம்மா கேட்டதற்கு இன்னும் யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை

உண்மை. குட்டித்தாமரை, உங்களிடம் கொடுத்த தகவல் தாளின் நகல் இருக்கிறதா? அதில் எங்காவது ஆய்வின் பதிவு எண் என்று எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், அந்த எண்ணை வைத்து இணையத்தில் தேடலாம். முடிவு வெளியாகியிருந்தால் படிக்கவும் முடியும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது அதில் வராது. அதற்கு நடத்தியவர்களைத்தான் கேட்க வேண்டும், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

குட்டித்தாமரை

தேடிப் பார்த்தேன். குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். எண் இருக்கிறது, ஆனால் மடிப்பு சரியாக அதன் மேல் விழுந்து கடைசி இரண்டு இலக்கம் அழிந்துவிட்டது.

லேபர்வார்டு அக்கா

எண் போனால் போகட்டும். மேலே தலைப்பு இருக்கும், அந்த வரியை மட்டும் இங்கே தட்டச்சு செய்யுங்கள். உங்கள் பெயர், கையெழுத்து எதையும் போடாதீர்கள். நானும் கணக்குப்பிள்ளையும் தேடுகிறோம்.